பல்லால் கடித்த ஈயம்

நோய் வருத்தம் முதலில் எனக்கு வரவில்லை. களப்பில் இருந்த நண்டுகளுக்குத்தான் வந்தது. அதைக் கண்ணால் கண்டேன், கையால் தூக்கியும் பார்த்தேன், ஆனாலும் விளங்கவில்லை. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. வலக்கை இன்னும் சரியாக எழும்பாது. அறைவதென்றால் இடக்கையால்தான் அறைய வேண்டும்.

எங்கள் வீடு முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் களப்பு என்கிற உப்புத்தண்ணி ஏரிக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில். முன்வாசலைத் திறந்தால் கடல், பின்பக்கம் அடுப்படிக் குசினிக் கதவைத் திறந்தால் களப்பு. என் மனுசன் அல்போன்ஸ் ஒரு சம்மாட்டியின் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். வள்ளமும் வலையும் சம்மாட்டியுடையது, உழைப்பு எங்களுடையது. அதே வளவில், ஒரு வேலி தள்ளி, என் தங்கை ஜெனிற்றா இருக்கிறாள். கலியாணமாகி ஐந்து வருசம். ஒரு பிள்ளை வயிற்றில் தங்காமல் போய், இப்போது இரண்டாவது தரிப்பு. இந்த முறையாவது தங்க வேண்டுமென்று நான் மாதா கோயிலில் வைக்காத நேர்த்தி இல்லை.

களப்பில் நாங்கள் கூடு வைத்து நண்டு பிடிப்போம். நண்டு வளருவதென்றால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வர வேண்டும். புது ஓடு முதலில் சவ்வு போல இருக்கும், தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுத்துப் பிறகு இறுகும். இது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். போன மாரி முடிந்த கையோடு கூட்டுக்குள் வந்த நண்டுகள் வேறு மாதிரி இருந்தன. ஒன்று ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்து அப்படியே செத்துக் கிடந்தது. ஒன்றின் ஓடு நாள் கழிந்தும் இறுகவில்லை, விரலால் அமத்தினால் பள்ளம் விழுந்தது. சினை நண்டுகளின் வயிற்றில் முட்டை கறுத்து, கொட்டுண்டு போயிருந்தது. கண்டல் மரங்களுக்குக் கீழே மட்டி கிண்டினால் பத்தில் எட்டு வாயைப் பிளந்த வெறுங்கோது. திரளி மீன் குஞ்சுகள் தண்ணீரின் மேல்பக்கம் சரிந்து சரிந்து நீந்தின.

அல்போன்ஸ் மழைத்தண்ணீர் கூடிவிட்டது என்றார். சம்மாட்டி வெயில் கூடிவிட்டது என்றார். மழை, வெயில் இரண்டையும் பழி சொல்லிவிட்டு நாங்கள் அந்த நண்டையே காய்ச்சித் தின்றோம். பிள்ளைத்தாச்சிக்குச் சத்து என்று ஜெனிற்றாவுக்கு மட்டிச் சொதி வைத்துக் கொடுத்ததும் நான்தான்.

பிறகு என் வயிறு தொடங்கியது. துணி முறுக்குவது போல ஒரு நோ. வெளிக்குப் போய் ஐந்து நாள், ஆறு நாள் ஆகும். சோறு மணந்தாலே குமட்டும். வாயில் எந்த நேரமும் பழைய கரண்டியைச் சூப்பியது போல ஒரு ருசி. கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் காட்டினோம். புண் என்று குளிசை தந்தார்கள். ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. குளிசை முடிந்தது, நோ முடியவில்லை. ஒரு நாள் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கினேன், கேத்தல் நிலத்தில் கிடந்தது. நான் விட்டதாகவே எனக்குத் தெரியாது. வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. விரலை மடக்கலாம், கையை மேலே நிமிர்த்த முடியாது. செத்த கோழியின் கழுத்துப் போல அது தன் பாட்டில் ஆடிக்கொண்டு கிடந்தது.

அம்புலன்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பதிவு செய்கிற யன்னலில் பெயர், வயசு, மதம், தொழில் கேட்டார்கள். நான் வாயைத் திறக்க முதல் அல்போன்ஸ் சொன்னார்.

"வேலை ஒண்டும் இல்லை. வீட்டிலதான் இருக்கிறா."

நானும் ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை மறக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு ஏழு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். தாதி, டொக்டருக்குப் படிக்க வந்த பிள்ளைகள், பெரிய டொக்டர், சின்ன டொக்டர், நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கிற அறைக்காரர் என்று எல்லாரிடமும் நான் சொன்னது ஒன்றுதான். வேலை இல்லை.

ஆஸ்பத்திரி நாட்கள் பரிசோதனைகளால் நிறைந்தவை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இல்லை, அவை நீட்டு வாங்கில் வரிசையாக இருந்து காத்திருப்பதால் நிறைந்தவை. இரத்தம் எடுக்க வாங்கு, படம் பிடிக்க வாங்கு, துண்டு வாங்க வாங்கு. இரத்தத்தில் சிவப்புக் குறைவு என்றார்கள், அதாவது மூச்சுக் காற்றைச் சுமக்கிற அணுக்கள் காணாது. இரும்புக் குளிசை தந்தார்கள். நரம்பு அறையில் கையில் கம்பிகளை ஒட்டி, மின்சாரம் முழங்கையிலிருந்து விரலுக்கு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். ஓட்டம் மெல்லம். ஏன் மெல்லம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. இந்தக் கை திரும்புமா என்று கேட்டேன். காரணம் தெரிந்தால்தானே அம்மா சொல்லலாம் என்றார் பெரிய டொக்டர். அவர் சொன்னது நியாயம். காரணம் என் வாய்க்குள் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஜெயபுரத்திலிருந்து வந்த லெட்சுமி அக்கா. பெற்றவர்கள் காலத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். சிறுநீரகத்தில் கல் என்று வந்திருந்தா. நான் வார்டுக்கு வந்த நாளிலிருந்து அவாதான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவா, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தருவா. பின்னும்போது ஒரு பெருங்கதை வேறு நடக்கும். எந்த வயலில் எந்த மருந்து அடித்தது, எந்த மாடு எதைத் தின்றது என்று ஒன்று விடாமல் சொல்லுவா.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம் நடக்கும்போது, அல்போன்ஸ் பார்க்க வந்த ஒரு நாள், சும்மா கிடக்க விசர் பிடிக்கிறது, ஒரு துண்டு வலை கொண்டு வாருங்கோ என்று கேட்டேன். அடுத்த முறை பையில் வலையின் அடிக்கயிறும் ஒரு கட்டு ஈயத் தகடும் கொண்டு வந்தார். அவர் அன்பாகத்தான் கொண்டு வந்தார். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட மனுசன் என்றால் ஏசிவிட்டுப் போகலாம்.

வலை தாழ வேண்டுமென்றால் அடிக்கயிற்றில் ஈயம் வேண்டும். எங்கள் கரையில் அதைப் பெண்கள்தான் செய்கிறோம். சம்மாட்டி பழைய வாகனப் பற்றரிகளை வளவில் கொண்டு வந்து போடுவார். அல்போன்ஸ் கோடரியால் பிளப்பார். உள்ளே இருக்கிற அசிட்டைக் களப்பில் ஊற்றுவோம். ஈயத் தட்டுகளைக் குசினிக்குப் பின்னால் தாச்சிச் சட்டியில் போட்டு உருக்கி, மணலில் கோடு கீறி வார்ப்பேன். மேலே மிதக்கிற கசடை அள்ளிக் கண்டலுக்குள் எறிவேன். ஆறிய ஈயத்தைத் தட்டி, நாக்குப் போல வெட்டி, கயிற்றைச் சுற்றி மடித்து, பல்லால் கடித்து இறுக்குவேன். குறடு இருக்கிறது. ஆனால் குறடு கயிற்றை நசுக்கும், பல் நசுக்காது. என் கடி பிசகாது என்று கரை முழுக்கப் பேர் எனக்கு. அந்தப் பேரில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது தெரியுமா?

கட்டிலில் இருந்து இடக்கையால் மடித்து, பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். லெட்சுமி அக்கா வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"என்னா றீற்றா, வேலையே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்றே. இது என்னாவாம், முறுக்கு தின்னுறியா?"

நான் சிரித்தேன். சிரிக்கும்போது சின்ன டொக்டர் சுற்றுக்கு வந்தா. தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை, எங்கள் பாஷையைப் பழகிப் பேசுகிறவ. நேராகக் கட்டிலடிக்கு வந்து கையை நீட்டினா.

"அம்மா, வாயில என்ன?"

"ஈயம், டொக்டர்."

"எவ்வளவு காலம் இப்படிக் கடிக்கிறீங்க?"

"பதினொரு வருசம் இருக்கும்."

"வேலை இல்லை என்று சொன்னீங்களே?"

"இது வேலையில்லையே டொக்டர். வீட்டில இருந்து செய்யிறது."

அவ என் தாடைக்குக் கீழே கையைக் குழித்துப் பிடித்தா. துப்பச் சொன்னா. வாயைக் கொப்பளிக்க வைத்து, உதட்டை விரித்து வெளிச்சம் அடித்துப் பார்த்தா. ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் நீலம் பாரித்த கோடு ஒன்று, பென்சிலால் கீறியது மாதிரி. வெற்றிலைக் கறை என்று நான் வருசக்கணக்காக நினைத்திருந்தது அதைத்தான். படிக்க வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினா. பிறகு தலைமாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து, தொழில் என்ற இடத்தில் இருந்த "இல்லை"யை வெட்டிவிட்டா.

அன்றே இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஈயம் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதை அவ கட்டில் நுனியில் இருந்து சொன்னா. உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்பு என்று நம்பி எலும்புக்குள் சேர்த்து வைத்துவிடுமாம். இரத்தம் ஊறுவதைத் தடுக்கும், குடலை முறுக்கும், கையைத் தூக்குகிற நரம்பைப் பிடிக்கும். எலும்பில் இருப்பது வருசக்கணக்காக அங்கேயே இருக்கும். பிறகு, பிள்ளைத்தாச்சிகளுக்கு இது இன்னும் கூடாது, தாயின் இரத்தத்தில் இருப்பது பிள்ளைக்கும் போகும், பிள்ளையின் மூளையைப் பிடிக்கும், சிலவேளை பிள்ளை தங்காமலும் போகும் என்றா.

எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. நான் கட்டிலில் கிடக்கிறேன், அப்படியென்றால் இந்தத் தகட்டை வார்த்தது யார்? பார்க்க வந்து கதவடியில் நின்ற அல்போன்ஸைப் பார்த்தேன்.

"வேலை நிக்கேல்லை," என்றார். எனக்கு ஆறுதல் சொல்லுகிறாராம். "ஜெனிற்றா செய்யிறாள். மூண்டு கிழமையா அவள்தான்."

அவருடைய போனைப் பறித்தேன். இடக்கையால் இலக்கம் அமத்த முடியவில்லை, லெட்சுமி அக்கா அமத்தித் தந்தா.

"ஜெனிற்றா, எங்க நிக்கிறாய்?"

"குசினிக்குப் பின்னாலதான் அக்கா. தாச்சி காயுது."

"அடுப்பை நூத்து. தண்ணி ஊத்திப்போடாத, வெடிக்கும். மணலை அள்ளிப் போட்டிட்டு எழும்பு."

"ஏனக்கா, அரைவாசி உருகீட்டுது. நீ வந்தா ஏசுவாய் எண்டுதான்—"

"உருகினது கிடக்கட்டும். எழும்பிக் கடல் பக்கம் போ. முகம் கை கழுவாமல் ஒண்டும் தின்னாத. நான் சொல்லுறன், எழும்பு."

எழும்பினாள். போனுக்குள் அவள் மூச்சு வாங்கி எழும்புகிற சத்தம் கேட்டது. ஆறு மாத வயிற்றோடு அந்தப் புகைக்கு முன்னால் மூன்று கிழமை குந்தியிருந்திருக்கிறாள், நான் வந்தால் ஏசுவேன் என்று பயந்து. அல்போன்ஸை நான் அன்று ஏசிய ஏச்சு வார்ட் முழுக்கக் கேட்டது. தாதி வந்து மெதுவாக அம்மா என்றா. மெதுவாக ஏசுகிற விசயமா அது? அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பின்னேரம் கஞ்சி கொண்டு வந்து, ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டார். துடைத்த துணியை உதறி உதறிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரத்த முடிவு வந்தது. இருக்கக் கூடாத அளவைவிட எத்தனையோ மடங்கு. மருந்து தொடங்கினார்கள். அந்த மருந்து இரத்தத்தில் இருக்கிற ஈயத்தைப் பிடித்து, சிறுநீரோடு வெளியே கொண்டுபோகும். சில நாள் ஏற்றுவார்கள், சில நாள் விடுவார்கள். விட்ட நாட்களில் எலும்பிலிருந்து ஈயம் மறுபடி இரத்தத்துக்குள் இறங்கும், மறுபடி ஏற்றுவார்கள். சினம் வந்தது எனக்கு. பதினொரு வருசம் நானே கடித்துக் கடித்துச் சேர்த்ததை ஊசியால் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

சம்மாட்டி பார்க்க வந்தார். தோடம்பழம் கொண்டு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கடவுள் பார்த்துக்கொள்ளுவார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஈயம் எண்டு சொல்லுறது சரி, பிள்ளை. ஆருடைய பற்றரி, எங்க ஊத்தினது எண்டெல்லாம் சொல்லத் தேவையில்லைத்தானே?"

"தோடம்பழத்தைக் கொண்டு போங்கோ," என்றேன். "எனக்கு வாய் கசக்குது."

அவர் போன பிறகு அதிலொன்றை லெட்சுமி அக்கா உரித்தா. பழம் என்னா பாவம் செஞ்சிச்சு என்று சொல்லி எனக்கும் ஒரு சுளை தந்தா. தின்றேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய கிழமையே சுகாதாரப் பரிசோதகரும் சுற்றாடலைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒருத்தரும் வந்தார்கள். கந்தோர்க்காரர் முழங்கால் வரை சேற்றில் இறங்கி, குழாயைக் குத்தி மண் எடுத்தார். தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார், தண்ணியில் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது அக்கா, உலோகம் தாழ்ந்து சேற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் மாதிரி மிதக்காது, குப்பை மாதிரி உக்காது. சேற்றைப் புழு தின்னும், புழுவை இறால் தின்னும், இறாலை நண்டும் மீனும் தின்னும். மட்டி ஒரே இடத்தில் இருந்துகொண்டு தண்ணியை வடித்து வடித்துக் குடிக்கிறது, வந்ததெல்லாம் அதன் சதையிலேயே தங்கும். மீனின் செவுள் பூவுக்குள் வழுவழுப்புப் படிந்து மூச்சு முட்டும், குஞ்சின் நரம்பைப் பிடித்தால் நேரே நீந்தத் தெரியாது. மேலே கொக்கும் நாரையும் அதைத் தின்று பறக்கும். அசிட் ஊற்றினால் சேற்றில் உறங்குகிற உலோகமும் கரைந்து எழும்பும்.

நண்டு? என்று கேட்டேன். ஓடு இறுகாமல் கிடந்ததைச் சொன்னேன். நண்டும் ஈயத்தைச் சுண்ணாம்பு என்று நம்பித்தான் எடுக்கும் என்றார். எல்லாமே ஈயத்தால்தான் என்று மண் சோதித்து முடிய முதல் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். நண்டு ஓடு கழற்றும்போது உள்ளே சேர்ந்ததில் கொஞ்சம் ஓட்டோடு போய்விடுமாம். ஓடு மறுபடி சேற்றுக்குள்தான் விழும். எனக்குக் கழற்ற ஓடும் இல்லை. என் எலும்பை நான் எங்கே கழற்றிப் போடுவது?

கசடு எறிந்த இடங்களைக் காட்டச் சொன்னார். வேலியோரத்தில் நின்ற சம்மாட்டியின் ஆள் என்னைப் பார்த்தான். அல்போன்ஸ் நிலத்தைப் பார்த்தார். நான் இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். இந்தக் கண்டலடி, அந்த வளைவு, மட்டி கிண்டுகிற திட்டு, பற்றரி பிளந்த இடம், அசிட் ஊற்றிய வாய்க்கால். யாருடைய பற்றரி என்றும் சொன்னேன். எறிந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன், எழுதுங்கோ, நான்தான். பதினொரு வருசமாக என் குசினிக் கதவைத் திறந்து, எனக்குச் சோறு போட்ட களப்புக்கு நான் நஞ்சு எறிந்திருக்கிறேன். சம்மாட்டியில் எனக்கு இருக்கிற கோபத்தைவிட அந்தக் கோபம் பெரிது. ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்பது உண்மை. பற்றரியில் மண்டையோடு கீறி, தொடாதே என்று எங்களுக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் அடித்திருந்தார்கள். ஆனால் நண்டு சொன்னதே. மட்டி வாயைப் பிளந்து சொன்னதே. அதைக் காய்ச்சித் தின்றேன் நான்.

தாச்சியைச் சேற்று மண்ணோடு சேர்த்துக் கந்தோர்க்காரர் கொண்டு போனதுதான், இன்னும் திரும்பி வரவில்லை. அல்போன்ஸ் குறட்டால்தான் ஈயம் இறுக்குகிறார், கடையில் வார்த்து விற்கிறதை வாங்கி, வீட்டுக்கு வெளியே வைத்து, வந்து கை கழுவுகிறார். சம்மாட்டியின் பற்றரிகள் இப்போது வேறு வளவுக்குப் போகின்றன என்று கேள்வி. அந்த வளவிலும் ஒரு பெண் "வேலை இல்லாமல்" இருப்பாள். இந்தக் கிழமை அங்கேயும் போகத்தான் இருக்கிறேன்.

ஜெனிற்றாவின் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. என்னளவு இல்லை, ஆனால் இருக்கக் கூடாத அளவு. கெதியாக நிறுத்தியது நல்லது, பால், இரும்பு, சுண்ணாம்புக் குளிசை, மாதாமாதம் இரத்தம் என்றார்கள். பிள்ளை எப்படி இருக்கும் என்று கேட்டோம். பிறந்தால்தான் தெரியும் என்றார்கள். முதல் பிள்ளை தங்காமல் போனது இதனாலா என்று அவள் கேட்டாள். அதை இனிச் சொல்ல முடியாது என்றார்கள். வரும் வழியில் பஸ்ஸில் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேற்றுக் கிளினிக்குக்கு அவளோடு நானும் போனேன். வாங்கில் இருந்தோம். அவளுடைய கர்ப்பிணி அட்டையை மடியில் வைத்துப் புரட்டினேன். பெயர், வயசு, இரத்த வகை. தொழில் என்ற இடத்தில், யாரோ அழகான கையெழுத்தில், "இல்லை" என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் பேனை வாங்கினேன். இடக்கையில் பிடித்துப் பார்த்தேன், எழுத வரவில்லை. வலக்கைக்கு மாற்றினேன். மணிக்கட்டு நடுங்கி நடுங்கி மேலே வந்தது. ஜெனிற்றா கீழே தன் கையை வைத்துத் தாங்கினாள். அந்த "இல்லை"யை வெட்டிவிட்டு எழுதினேன்: ஈயம் உருக்கியவள், மூன்று கிழமை.

எழுத்து கோணல்தான். ஆனால் வாசிக்கலாம்.